கோட்டுக்கு மேலே வளர்ந்த பெற்றோல்

பெற்றோலுக்கு வயது போனால் வேர்க்கும் என்று பதினாறு வயது வரைக்கும் நான் நம்பியிருந்தேன். வேர்ப்பது மட்டுமில்லை, இருந்த இடத்தில் இருந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக வளரும் என்றும் நம்பினேன். எனக்கு இதைச் சொன்னவர் அப்பா. இஞ்சின் விசயத்தில் அப்பா ஒன்று சொன்னால் வல்வெட்டித்துறைக் கரையில் அதற்கு மறுகதை கிடையாது. கரையே நம்புகிற மனிதரை மகள் நம்பாமல் விடுவது எப்படி?

எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கு வருகிற பாதையைப் பூட்டினார்கள். அதோடு கடலும் அரைவாசி பூட்டுப்பட்டது. கரையோரமாகத் துடுப்புப் போட்டுத் தொழில் செய்யலாம், இஞ்சின் பூட்டிப் போகக் கூடாது. அப்பாவின் எட்டுக் குதிரைவலு இஞ்சின் வள்ளத்தை விட்டு வீட்டுக்கு வந்தது. கிறீஸ் பூசி, சாக்கால் சுற்றி, முன் அறையில் ஒரு மரச் சட்டத்தில் கொழுவி நிறுத்தினார். வீட்டுக்கு வருகிறவர்கள் எங்களைச் சுகம் கேட்பதற்கு முதல் அதைத்தான் கேட்பார்கள். அம்மா கூட்டும்போது அதைச் சுற்றிக் கூட்டுவாள். காலை நீட்டிக்கொண்டிருக்கிற விருந்தாளியைச் சுற்றிக் கூட்டுகிற மாதிரி இருக்கும்.

இஞ்சின் வந்த அதே கிழமை ஒரு கான் பெற்றோலும் வந்து சேர்ந்தது. பெற்றோல் விற்கிற செட்டில் கடைசியாகக் கொடுத்த நாளில், விடிய நாலு மணிக்குப் போய் நின்று அப்பா வாங்கிக்கொண்டு வந்தது. ஐந்து லீற்றர் பிடிக்கிற வெள்ளைக் கான். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்.

எங்கள் பக்கத்து இஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. ஆனால் ஆறிக் கிடக்கிற இஞ்சினை எழுப்புவதற்கு மண்ணெண்ணெய் சரிவராது, கொஞ்சம் பெற்றோல் வேண்டும். எழும்பிச் சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி விடலாம். "காலமை தேத்தண்ணி குடிச்சால்தானே கொம்மா ஒரு வேலை பாப்பா, அது மாதிரித்தான்" என்று அப்பா எனக்கு விளங்கப்படுத்தியிருக்கிறார். ஆகவே அந்தக் கான், கடல் திறக்கிற நாளில் இஞ்சினுக்குக் கொடுக்கப்போகிற தேத்தண்ணி.

அதைப் பாதுகாக்க அப்பா போட்ட சட்டங்கள் பெரியவை. வீட்டுக்குப் பின்னால் வலை வைக்கிற கொட்டிலில் மணலைத் தோண்டி, கானைப் பாதிவரை புதைத்தார். மூடிக்குக் கீழே பொலித்தீன் துண்டு வைத்து இறுக்கினார். மேலே ஈரச் சாக்கு. விளக்கோ நெருப்புப் பெட்டியோ கொட்டிலுக்குள் போகக் கூடாது. கடைசியாக, அக்கா நகத்துக்குப் பூசுகிற சிவப்புக் கியூட்டெக்சை வாங்கி, பெற்றோல் நின்ற மட்டத்தில் கானைச் சுற்றி ஒரு கோடு கீறினார். நாங்கள் எல்லாரும் கோயிலில் நிற்கிற மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உயிர் போற அலுவல் எண்டாலும் ஒருத்தரும் இதிலை கை வைக்கக் கூடாது. கோட்டுக்குக் கீழை இறங்கினால் எனக்குத் தெரியும்" என்றார்.

அந்த நாளில் எனக்கு மூச்சு இழுப்பு. தூசியில் விளையாட விடமாட்டார்கள். பாதை பூட்டின புதிதில் ஒருதரம் கடுமையாகி, பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஆசுபத்திரிக்குக் கொண்டு போனார்களாம். அந்த ஓட்டோவின் பூப்போட்ட சீற்றைத் தவிர எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. இழுப்புக்காரப் பிள்ளைக்கு ஈர வேலைதான் நல்லதென்று, ஒவ்வொரு மத்தியானமும் அந்தச் சாக்குக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலையை அப்பா எனக்குத் தந்தார். அதனால் அந்தக் கொட்டிலுக்குள் நடந்தது அநேகமாக எல்லாம் எனக்குத் தெரியும்.

முதலில் வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. எல்லாருடையதையும் போல அதுவும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. நாலு வீட்டுக்கு அப்பால் வந்தாலே மணத்தில் ஆள் யாரென்று தெரியும். காலையில் அதை எழுப்ப, ஊசி போடுகிற சிறிஞ்சால் நாலு துளி பெற்றோல் உள்ளே விட வேண்டும். ஒருநாள் நான் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்க மாமா ஒரு சிறிஞ்சும் புனலுமாக வந்து நின்றார்.

"மருமோள், டொக்டர் மருந்தெடுக்க வந்திருக்கிறார். நீ ஆரையும் கண்டனியோ?"

நான் காணவில்லை என்றேன். தோடம்பழ இனிப்பு ஒன்று கைக்கு வந்தது. எடுத்த அளவுக்கு மேலாக ஒரு போத்தலில் இருந்து மண்ணெண்ணெய் விட்டு, கோட்டுக்குச் சரியாகக் கொண்டு வந்து நிறுத்தினார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஒரு சொட்டு விட்டார். அதற்குப் பிறகு டொக்டர் கிழமைக்கு இரண்டு தரமாவது வந்துபோனார்.

அம்மா ஒருநாள் அவரைக் கையும் களவுமாகப் பிடித்தாள். அரை மணித்தியாலம் பேசினாள். ஆண் வாரிசுக்கு என்று ஊட்டி வளர்த்த பாலில் இருந்து, அத்தானுக்குத் துரோகம் செய்கிற புத்தி வரைக்கும் எல்லாம் அதில் வந்தது. அடுத்த கிழமை, வள்ளத்துக்குப் பூசுகிற தார் அக்காவின் வெள்ளைச் சட்டையில் பட்டுவிட்டது. ஒரே ஒரு பள்ளிக்கூடச் சட்டை. தார் சவர்க்காரத்துக்கு அசையவில்லை, பெற்றோலில்தான் போகும். மத்தியானம் நான் கொட்டிலுக்குப் போனால், அம்மா குந்தியிருந்து கானைச் சரிக்கிறாள். என்னைக் கண்டதும், "இஞ்சை பார் பிள்ளை, நான் ஒண்டும் எடுக்கேல்லை, இரவல்தான்" என்றாள். தன்னுடைய போத்தலில் இருந்து ஏதோ ஒன்றை விட்டு மட்டத்தைச் சரிசெய்தாள். அவளும் எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூட விட்டாள்.

அந்த "ஏதோ ஒன்று" பளிங்கு மாதிரித் தெளிவாக இருந்தது. கொட்டில் முழுக்கப் பெற்றோல் மணம். போத்தலுக்குள் இருந்தது மண்ணெண்ணெய் என்று மூக்கு எப்படிச் சொல்லும்? தண்ணீர் என்றே நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்புத்தான் என்னைக் கெடுத்தது. மூன்றாம் வருடம் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு, ரேடியோப் பெட்டிக்குள் அடைத்து வருகிற வெள்ளை ரெஜிபோமில் ஒரு கப்பல் செய்ய வெளிக்கிட்டேன். எங்கள் ஊர்ப் பிள்ளைக்குக் கப்பல் செய்யாவிட்டால் கை உறங்காது. ரெஜிபோமைப் பெற்றோலில் கரைத்தால் அருமையான பசை வரும் என்று வகுப்புத் தோழி சொன்னாள். கரைத்துத்தான் பூச வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டாள். ஒரு கோப்பை பெற்றோல் எடுத்துக்கொண்டு போய்க் கப்பலின் மேலேயே ஊற்றினேன். கப்பலின் முன்பக்க அணியம் என் கண் முன்னால் ஐசுபழம் மாதிரி உருகிப் போனது. பசைக்கென்று மறுபடியும் ஒரு கோப்பை எடுத்தேன். இரண்டு கோப்பைக்கும் பதிலாக, அம்மா செய்தபடி செய்கிறேன் என்ற பக்தியோடு, கிணற்றில் இருந்து நல்ல தண்ணீராகப் பார்த்து அள்ளிக்கொண்டு வந்து விட்டேன். இறங்கினால் தெரியும் என்றுதானே அப்பா சொன்னார், ஏறினால் ஒன்றும் சொல்லவில்லையே. ஆகவே நானும் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். ஈரச் சாக்கால் மூடிவிட்டு வந்து கப்பலை ஒட்டினேன். இரண்டாம் பரிசு கிடைத்தது.

இதற்கிடையில் மயிலிட்டியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மயிலிட்டியில் இருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்த வயதான மனிதர். ஊரோடு சேர்த்து வள்ளத்தையும் இஞ்சினையும் விட்டுவிட்டு வந்தவர். அப்பாவின் இஞ்சினை விலைக்குத் தரச் சொல்லி மூன்று தரம் வந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் சாக்கை விலக்கி அதன் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "மூண்டு வருசம் படுத்த இஞ்சின் எழும்பாது தம்பி" என்பார். மூன்றாம் முறை, கரையில் இருந்து வந்திருந்த நாலு பேருக்கு நடுவில், அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது.

"கடல் திறக்கிற அண்டைக்கு இது எழும்பாட்டில் நீங்களே கொண்டு போங்கோ அண்ணை. நான் பிறகு ஒரு சொல்லுக் கதைக்க மாட்டன்."

சண்டை முடிந்து கடல் திறந்தது. இஞ்சின் பூட்டிப் போகலாம் என்று அறிவித்த அடுத்த நாள் காலை கரை முழுக்கச் சனம். பாதையும் திறந்து, பருத்தித்துறைச் செட்டில் பெற்றோல் கேட்பாரில்லாமல் கிடந்த காலம் அது. அதனால்தான் அன்றைக்கு எங்கள் வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. வாழ்நாளில் ஒரு தேங்காய்ப்பூவைக்கூட வீணாக்காத அம்மா, "இஞ்சாருங்கோ, நல்ல நாளும் பெருநாளுமாய்ப் புதுசு வாங்கி விடுவமே" என்றாள். மாமா, தான் மோட்டார் சைக்கிளில் ஓடிப்போய் ஒரு போத்தல் வாங்கி வருவதாகச் செருப்பையும் போட்டுவிட்டார். நானும் புதுப் பெற்றோல்தான் நல்ல மணம் என்று என் பங்குக்குச் சொன்னேன். அப்பா எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"மூண்டு வருசம் காத்த பெற்றோலை ஏமாத்துறதே?" என்று சொல்லி, கானைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு குலுங்கக் குலுங்கக் கரைக்கு நடந்தார்.

வள்ளத்தில் இஞ்சின் பூட்டியாயிற்று. தேங்காய் உடைத்தாயிற்று. அப்பா கானை மணலில் இறக்கி வைத்தார். காலை வெயில் அதற்குள்ளால் வந்தது. பெற்றோல், சிவப்புக் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் நின்றது.

அப்பா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

"வளர்ந்திருக்கு" என்றார் மெதுவாக.

இஞ்சினின் சின்னப் பெற்றோல் தாங்கியில் ஊற்றிக் கயிற்றை இழுத்தார். இஞ்சின் ஒரு செருமல்கூடச் செருமவில்லை. பத்துத் தரம் இழுத்தார், இருபது தரம் இழுத்தார். மாமா சட்டையைக் கழற்றிவிட்டு இழுத்தார். மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாக எழும்பிப் புகை விட்டுக்கொண்டு போயின. போகிறவர்கள் எங்கள் வள்ளத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். மயிலிட்டியார் கக்கத்தில் ஒரு துணிப்பையை இடுக்கிக்கொண்டு, இழுபடுகிற கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரித்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

அப்பா ஒரு வெறும் கண்ணாடிப் போத்தலை எடுத்துக் கானின் அடியில் கிடந்ததை அதற்குள் சரித்தார். சூரியனுக்கு நேரே பிடித்தார். மேலே, பால் விடாத சாயத் தேத்தண்ணி நிறத்தில் ஒன்று நின்றது. அதற்குக் கீழே, போத்தலின் காற்பங்குக்கு, கண்ணாடி மாதிரித் தண்ணீர்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரை எனக்குத் தெரியாதா? அடையாளம் கண்டுவிட்டேன். அம்மாவின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். மாமா மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவும் மணலைப் பார்த்தாள். என்னுடைய குற்றத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் இரண்டு பேரும் குனிந்து நிற்கிறார்கள் என்று நினைத்தேன். அப்பா மட்டும் குனியவில்லை. அவர் கடலைப் பார்த்தார்.

பிறகு சனத்தின் பக்கம் திரும்பினார். "மூண்டு வருசமெண்டால் சும்மாவே? பெற்றோலுக்கு வயசு போனால் வேர்க்கும்."

"ஓம் அத்தான், நானும் கேள்விப்பட்டனான்" என்றார் மாமா உடனே.

"வெயில் காலமும்தானே" என்றாள் அம்மா.

மயிலிட்டியார் முன்னுக்கு வந்து போத்தலை வாங்கினார். மணந்தார். ஒரு துளியை விரலில் விட்டுத் தேய்த்துப் பார்த்தார். ஐம்பது வருடம் இஞ்சினோடு சீவித்த மனிதரின் மூக்கு அது. மாமாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், சேலைக்கு வெளியே தெரிந்த என் ஒற்றைக் கண்ணைப் பார்த்தார்.

"ஓம் தம்பி. நல்லாய்த்தான் வேர்த்திருக்கு" என்றார். அப்பாவும் மயிலிட்டியாரும் ஒரே கதையைச் சொன்னால், கிணற்றுத் தண்ணீர் என்று கண்ட என் கண்தான் பிழை என்று நம்பிவிட்டேன்.

அப்பா இஞ்சினின் பூட்டைத் தளர்த்தக் குனிந்தார். "சொன்ன சொல்லு சொல்லுத்தான் அண்ணை. கொண்டு போங்கோ." அம்மா என் தோளைப் பிடித்த பிடி இன்றைக்கும் நோகிற மாதிரி இருக்கிறது.

மயிலிட்டியார் துணிப்பையைத் திறந்தார். உள்ளே மரை கழற்றுகிற இரண்டு சாவி, ஒரு புதுப் பிளக், சைக்கிள் பிறேக் வயரில் பிரித்தெடுத்த ஒரு மெல்லிய இழை, வாய் இறுக்கிக் கட்டிய ஒரு சிறு போத்தலில் புதுப் பெற்றோல். இஞ்சினை வாங்கின கையோடு எழுப்பிப் பார்க்க ஆசைப்பட்டு, முதல் நாளே போய் வாங்கி வைத்திருக்கிறார். மனுசன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் வள்ளத்துக்குள் ஏறினார்.

வேலை செய்யச் செய்ய அவர் கதைத்தார். பெற்றோல் என்பது பால் மாதிரி, வாங்கின சூட்டோடு பாவிக்கிற சாமான் என்றார். சாக்குப் போட்டாலென்ன, மணலில் தாட்டாலென்ன, அதில் இருக்கிற துடிப்பான பங்கு கண்ணுக்குத் தெரியாமல் எழும்பிப் போய்விடுமாம், சோம்பேறிப் பங்குதான் மிஞ்சி இருந்து பிசினாகிவிடுமாம். "ஆறு மாசத்திலை மணம் போகும், ஒரு வருசத்திலை நிறம் போகும், அதுக்குப் பிறகு குணம் போகும்" என்று சொல்லிச் சொல்லி, பழையதை வடித்தார், புதுப் பிளக்கைப் பூட்டினார், எண்ணெய் போகிற துளையை வயர் இழையால் குத்தினார். பனங்கட்டிப் பாணி மாதிரி ஒன்று இழுபட்டு வந்தது. புதுப் பெற்றோலால் எல்லாவற்றையும் அலசி, மிச்சத்தைத் தாங்கிக்குள் விட்டார்.

"இழு தம்பி."

முதல் இழுவைக்கு இஞ்சின் செருமியது. இரண்டாவது இழுவைக்கு எழும்பியது. அந்தச் சத்தம்! நீலப் புகை எங்கள் எல்லாருடைய முகத்திலும் அடித்தது. இழுப்புக்காரி என்று பாராமல் நானும் வாயைத் திறந்து அதைக் குடித்தேன். மாமா மணலில் கரணம் போட்டார். அம்மா சிரித்துக்கொண்டு அழுதாளா, அழுதுகொண்டு சிரித்தாளா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம்.

மயிலிட்டியார் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு இறங்கப் பார்த்தார். அப்பா, இஞ்சின் இனி உங்களுடையது அல்லவா என்று கேட்டார்.

"எழும்பாட்டில்தானே எனக்கெண்டு கதை? இந்தக் கள்ளன் எழும்பீட்டான்" என்று மனிதர் வெற்றிலை வாயால் சிரித்தார்.

அப்பா அவரை இறங்க விடவில்லை. வள்ளம் அப்படியே தள்ளுப்பட்டது. அணியத்தில் மயிலிட்டியார் சாரம் காற்றில் படபடக்கக் குந்தியிருந்துகொண்டு போனது, நான் செய்த எந்தக் கப்பலைவிடவும் வடிவாக இருந்தது. அன்றைக்கு மீன் பெரிதாகப் படவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்த வள்ளத்தின் பங்காளியாகவே இருந்தார்.

பதினோராம் வகுப்பில் ஆவியாதல் படிப்பித்த ரீச்சர், திரவங்களைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லச் சொன்னபோது, நான் எழும்பி நின்று பெற்றோல் வேர்க்கும் என்றேன். யார் சொன்னதென்று கேட்டார். அப்பா என்றேன். ரீச்சரும் எங்கள் கரையைச் சேர்ந்தவர்தான். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுத் தன் போத்தலில் இருந்தது என்னவென்று சொன்னாள். அப்படியென்றால் மாமா, அம்மா, நான், மூன்று கள்ளர் என்று கணக்கை முடித்துக்கொண்டேன்.

அந்தக் கணக்கும் பிழை. பிறகொரு காலம் நாடு முழுக்கப் பெற்றோலுக்கு வரிசையில் நின்றதே, அப்போது இரண்டாம் நாளாக வரிசையில் நின்ற மாமாவுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டு போனேன். முன்னுக்கும் பின்னுக்கும் கான்களும் போத்தல்களுமாகச் சனம். அவற்றைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது.

"எங்கடை வீட்டுக் கானிலை முதல் கை வைச்சது நீங்கள்தானே மாமா?"

மாமா வாயில் இருந்த சோற்றை ஆறுதலாக விழுங்கினார். "நான் ரெண்டாவது, மருமோள். கோடு கீறின மனுசன் இருக்கிறாரெல்லே, அவர்தான் முதலாவது. அண்டைக்கு நான் புனல் பிடிச்சனான்."

கோடு கீறி ஒரு கிழமைகூட ஆகவில்லையாம். எனக்கு இழுப்புக் கடுமையாகி உதடு நீலம் பாரித்த மத்தியானம், பக்கத்து வீட்டு ஓட்டோ நின்றது, ஓட்ட அதற்குள் ஒரு துளி பெற்றோல் இல்லை. உயிர் போகிற அலுவல் என்றாலும் தொடக் கூடாது என்ற மனிதர், முதல் உயிர்ப் பயத்துக்கே ஓடிப்போய் ஒரு போத்தல் வார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். என்னை ஆசுபத்திரியில் விட்டுவிட்டு வந்த பின்னேரம், மாமாவைக் கூட்டிக்கொண்டு கொட்டிலுக்குள் போய், மண்ணெண்ணெயால் மட்டத்தைச் சரிப்பண்ணி, மணலில் படுத்துக் கோட்டோடு கண்ணை வைத்துப் பார்த்தாராம். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஒரு சொட்டு விட்டாராம்.

கடல் திறந்த அன்றைக்குப் பின்னேரமே அப்பா ஒரு சின்னக் கான் வாங்கிக்கொண்டு வந்தார். மயிலிட்டியார் சொன்னபடி, ஒரு மாதத்துக்குக் காணுமான பெற்றோல் மட்டும் அதற்குள் இருந்தது. அக்கா கேட்காமலே கியூட்டெக்சைக் கொண்டு வந்து நீட்டினாள். அப்பா அதை வாங்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வேண்டாம் பிள்ளை. கோடு கீறினால் பெற்றோல் வளருது."

எனக்கு அது பெரிய விஞ்ஞானமாகப் பட்டது. அடுத்த நாள், ஒரு போத்தலில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, அக்காவின் கியூட்டெக்சால் சுற்றிக் கோடு கீறி, கொட்டில் மூலையில் ஒளித்து வைத்தேன். ஒரு கிழமை, மத்தியானத்துக்கு மத்தியானம் போய்க் கோட்டோடு கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒரு நூல்கூட வளரவில்லை. தண்ணீருக்கு இன்னும் வயது போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.